வெளியில் வாங்கிய அலாய் வீலும் டயர் காற்றழுத்தச் சென்சாரும்: முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் காருக்கு அலாய் வீல் மாற்றுகிறவர்கள் பலர், ரிம்மை பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ ஓசூரிலோ சேலத்திலோ வாங்கிக்கொண்டு வந்து, டயரை ஊரில் பழக்கமான கடையில் ஏற்றுகிறார்கள். ரிம் விற்பவர் சென்சாரைப் பற்றிக் கேட்பதில்லை. டயர் ஏற்றுபவர் கேட்கும் நேரத்தில் ரிம்முக்குப் பணம் கொடுத்து முடிந்திருக்கும். புதிய வீலில் ஊர் திரும்பும் முதல் நாளிலேயே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்குவதற்கு இந்த இடைவெளிதான் பெரும்பாலும் காரணம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும்விட வேலையின் வரிசை முக்கியம். டயர் ரிம்மில் ஏறி, பீட் (ரிம்மைப் பற்றிப் பிடிக்கும் டயரின் உள் விளிம்பு) உட்கார்ந்து, பேலன்சிங் முடிந்த பிறகு தெரியவரும் சென்சார் கோளாறு ஒவ்வொன்றுக்கும் டயரைத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும். சென்சார் தொடர்பான முடிவுகள் அனைத்தையும் டயர் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டால் அந்த இரட்டைச் செலவு இல்லை.

1. காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

டயர் காற்றழுத்தக் கண்காணிப்பில் இரண்டு வகை உண்டு. நேரடி வகையில் ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலை மூலம் காருக்கு அனுப்பும். மறைமுக வகையில் ரிம்முக்குள் எதுவும் கிடையாது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறைவதால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்கிறது. ஏபிஎஸ்ஸின் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சக்கர வேகச் சென்சார்கள் தரும் அளவிலிருந்து கார் அதைக் கணித்துக்கொள்கிறது.

நான்கு டயர்களின் அழுத்தத்தையும் தனித்தனி எண்ணாகத் திரையில் காட்டினால் அது நேரடி வகை. எண் எதுவும் இல்லாமல் எச்சரிக்கை விளக்கும், மெனுவில் ரீசெட் என்ற தேர்வும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுக வகை. இந்த வசதி உள்ள ஹூண்டாய் கிரேட்டா, கியா செல்டோஸ், மகிந்திரா எக்ஸ்யூவி 700 ஆகியவற்றில் நேரடி வகையைக் காணலாம். ஸ்கோடா குஷாக், வோக்ஸ்வாகன் டைகுன் ஆகியவை மறைமுக வகை. ஆனாலும் ஒரே மாடலில் ஒவ்வொரு வேரியன்டுக்கும் வசதி மாறும் என்பதால், காருடன் வந்த கையேட்டைப் பார்த்து உறுதி செய்வதே சரி.

வெளியே தெரியும் வால்வை வைத்து முடிவு செய்யாதீர்கள். உலோக வால்வு இருந்தால் உள்ளே சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மையே. ஆனால் ரப்பர் வால்விலேயே சென்சார் திருகப்பட்ட கார்களும் நிறைய ஓடுகின்றன. ரப்பர் வால்வுதானே என்று எண்ணி பீட் பிரேக்கரை (பீட்டை ரிம்மிலிருந்து பெயர்க்கும் கருவி) அழுத்திச் சென்சாரை உடைப்பது அடிக்கடி நடக்கிறது.

மறைமுக வகை என்றால் உங்கள் வேலை எளிது. நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு, ஒரே மாதிரி டயர் போட்டு, குளிர்ந்த நிலையில் சரியான காற்றை நிரப்பி, மெனுவில் ரீசெட் கொடுத்துவிட்டுச் சில கிலோமீட்டர் சீராக ஓட்டினால் போதும். காற்றைச் சரி செய்யாமல் ரீசெட் கொடுத்தால், குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் எடுத்துக்கொள்ளும். இனி வருவது பெரும்பாலும் நேரடி வகைக்கானது.

2. பழைய சென்சாரா, புதியதா என்று முடிவெடுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனி ரிம்மிலுள்ள சென்சாரைக் கழற்றிப் புதிய ரிம்மில் மாட்டலாம். அதே பாக எண் கொண்ட புதிய சென்சாரை வாங்கலாம். அல்லது, ஆட்டெல் நிறுவனத்தின் எம்எக்ஸ் சென்சார் போல, கருவி கொண்டு உங்கள் காருக்கேற்ப நிரல் ஏற்றக்கூடிய பொதுச் சென்சாரை வாங்கலாம்.

இதைத் தீர்மானிப்பது காரின் வயது. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி பிசினில் மூடி அடைக்கப்பட்டது. அதை மட்டும் தனியே மாற்ற வழியில்லை. பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். கார் வாங்கி இரண்டு மூன்று ஆண்டுதான் ஆகிறது என்றால் பழையதையே மாற்றிப் போடலாம். ஆறு ஏழு ஆண்டு கடந்திருந்தால் நான்கையும் புதிதாகப் போடுவதே என் பரிந்துரை. அடுத்த ஆண்டு ஒரு சென்சார் நின்று, அதற்கு அடுத்த ஆண்டு இன்னொன்று நின்று, ஒவ்வொன்றுக்கும் டயரைக் கழற்றி ஏற்றிப் பேலன்சிங் செய்யும் கூலியைக் கணக்கிட்டால், இப்போது மிச்சமாகும் பணம் அப்போது கரைந்துவிடும்.

பழைய ரிம்மையும் டயரையும் அப்படியே விற்கப்போகிறவர்கள், விற்கும் முன் சென்சாரைக் கழற்ற வேண்டுமா என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். சென்சாருடனேயே செட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு புதிய சென்சாரின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

புதிதாக வாங்கினால் அலைவரிசையைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார்களில் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான சென்சார்கள் பல 315 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைத்த 315 சென்சாரைப் போட்டுவிட்டால், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் காருக்கு அது கேட்காது. சென்சாரின் உடலிலேயே அலைவரிசை அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பழைய சென்சாரில் உள்ள அலைவரிசையே வேண்டும்.

3. ரிம் வாங்கும் முன் வால்வுத் துளையை விரலால் தடவிப் பாருங்கள்

பிசிடி (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு), ஹப் துளை (ரிம்மின் நடுத்துளை) ஆகியவற்றை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். வால்வுத் துளையை யாரும் பார்ப்பதில்லை. சென்சாருக்கு உயிர் அங்கேதான்.

முதலில் விட்டம். பெரும்பாலான கார் ரிம்களில் துளை சுமார் 11.5 மில்லிமீட்டர். சில அலாய்களில் 8.3 மில்லிமீட்டர் துளையும் உண்டு. அதில் சாதாரணச் சென்சார் வால்வு நுழையாது. ட்ரில் போட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ரிம்மை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வட்டம் பிசகிய துளையில் ரப்பர் வாஷர் ஒருபோதும் முழுமையாக அடைக்காது.

அடுத்து, துளையைச் சுற்றியுள்ள பரப்பு. உலோக வால்வு ரிம்மை இரு பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால், உள்ளேயும் வெளியேயும் சமதளமாக இருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டுத் துளையின் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பெயின்ட் திரண்டு வழிந்த மேடோ, கடைந்த பிசிறோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் காற்று மெல்லக் கசியும். வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்து, பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தும் ஓட்டை கிடைக்காத டயர்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, சென்சார் உட்காரும் இடம். ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். சென்சாரின் உடல் அந்தப் பள்ளத்தின் சரிவை ஒட்டி, ரிம்மின் விளிம்பு உயரத்துக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும். சில வெளி ரிம்களில் வால்வுத் துளை வேறு கோணத்தில் இருப்பதால் சென்சார் தூக்கிக்கொண்டு நிற்கும். டயரின் பீட் ஏறும்போது அதை அடித்து உடைக்கும். இன்னும் சிலவற்றில் சென்சார் ரிம்மின் மீது அழுந்தி, வால்வு நேராக நிற்காது. கடையில் ஒரு சென்சாரைக் கையில் வைத்துத் துளையில் நுழைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. கார் ஷோரூமிலிருந்து வந்த நிலையில் இருந்தால், சென்சாரை வெளியே எடுத்துக் காட்ட முடியாது. அப்போது ரிம் கடைக்காரரிடம் அதே வடிவிலான சென்சார் ஒன்றை வாங்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் மறுத்தால், டயர் ஏற்றும் முன் பொருந்தவில்லையெனில் ரிம்மைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. டயர் அளவு மாறினால் எச்சரிக்கை அளவு மாறாது

16 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்குப் போகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரேட்டாவில் கம்பெனியே தரும் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்வோம். 205/65 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 673 மில்லிமீட்டர். 215/60 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 690. வித்தியாசம் இரண்டரை சதவீதம். காரின் மேல் வேரியன்டுக்குக் கம்பெனி தரும் அளவுக்குள் நின்றால் சென்சாருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் ஸ்பீடோமீட்டருக்கும் சிக்கல் இல்லை.

அந்த எல்லையைத் தாண்டி, பக்கச்சுவர் குறைந்த டயரைப் போட்டால், அதே சுமையைத் தாங்க அதிகக் காற்று தேவைப்படலாம். ஆனால் எந்த அளவுக்குக் கீழே போனால் விளக்கு எரிய வேண்டும் என்பது கம்பெனி டயரை வைத்துக் காரின் கணினியில் பதியப்பட்டது. பொதுவாக ஓட்டுநர் கதவுத் தூணின் ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து 20 முதல் 25 சதவீதம் குறையும்போது எரியும். 33 பிஎஸ்ஐ என்றால் 25, 26 வாக்கில். புதிய டயருக்கு 36 தேவை என்றால், விளக்கு எரியும் நேரத்தில் அது அளவுக்கு மேல் இளைத்திருக்கும். கம்பெனி அளவை விட்டு விலகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

சென்சார் வால்வுக்கான சர்வீஸ் கிட் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ரப்பர் வாஷர், உலோக வாஷர், நட், வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் ஊசி), மூடி ஆகியவை இருக்கும். பழைய ரப்பர் ஒருமுறை அழுந்திய வடிவிலேயே இறுகிப் போயிருக்கும். வேறு ரிம்மில் அது திரும்ப அடைக்காது. ரப்பர் வால்வு வகை என்றால் வால்வையே புதிதாக வாங்க வேண்டும், ஏனெனில் அதை ரிம்மிலிருந்து இழுத்து எடுக்கும்போது கிழிந்துவிடும்.

வால்வு பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரண டயர் வால்வில் போடும் பித்தளைப் பின்னை அலுமினிய வால்வில் போட்டால், ஈரத்தில் இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். மூடிக்கும் இதே விதி. பளபளக்கும் உலோக மூடிகள் ஒரு மழைக்காலம் முடிந்ததும் திருகினால் வராது. பிளையர் போட்டால் வால்வே முறிந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே நொடியில் காற்று முழுவதும் இறங்கும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

இன்னொன்று, சென்சாரைத் தட்டி எழுப்பிப் படிக்கும் கருவி. 125 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை மூலம் தூங்கும் சென்சாரை எழுப்பி, அதன் எண், அழுத்தம், பேட்டரி நிலை ஆகியவற்றை அது காட்டும். எல்லா டயர் கடையிலும் இது இருக்காது. முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். ‘ஸ்கேனர் இருக்கிறதா’ என்று கேட்டால் எஞ்சின் கோளாறு படிக்கும் கருவியை நினைத்துக்கொண்டு இருக்கிறது என்பார்கள். ‘டயர் சென்சாரைப் படிக்கும் கருவி இருக்கிறதா’ என்று கேட்க வேண்டும்.

6. சென்சார் எண்ணைப் படம் பிடியுங்கள்

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. பெரும்பாலும் எட்டு இலக்கம். எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும். கார் தன் சென்சாரை அடையாளம் காண்பது இந்த எண்ணால்தான். பக்கத்தில் நிற்கும் இன்னொரு காரின் டயர் அழுத்தத்தை உங்கள் கார் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

புதிய ரிம்மில் டயர் ஏறும் முன் (பழைய சென்சார் என்றால் அடுத்த படியில் அதைக் கழற்றியதும்), எந்தச் சக்கரத்தில் எந்தச் சென்சார் என்று எழுதி, எண் தெரியும்படி நான்கையும் செல்பேசியில் படம் எடுங்கள். டயர் ஏறிவிட்டால் இந்த எண் கண்ணுக்குத் தெரியாது. பிறகு கருவி ஒரு சென்சாரை மட்டும் படிக்க மறுத்தால், ஓபிடி (காரின் கணினியோடு கருவியை இணைக்கும் சாக்கெட்) வழியாக எண்ணைக் கையால் பதிய இந்தப் படம் ஒன்றே உதவும். இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனாலும் புதியவர்கள் அதிகம் விட்டுவிடும் படி இதுதான்.

பொதுச் சென்சார் போடுகிறவர்கள் நிரல் ஏற்றும் வேலையை இந்த இடத்தில், டயர் ஏறும் முன் முடிக்க வேண்டும். பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் நகலெடுத்துவிட்டால், காருக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கம்பெனி ரிம் ஒரு செட், அலாய் ஒரு செட் என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. நகலெடுத்த பிறகு ஒவ்வொன்றையும் கருவியில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டே ரிம்மில் மாட்டுங்கள்.

7. பழைய டயரைக் கழற்றுதல்

வேலை தொடங்கும் முன் கடைக்காரரிடம், “உள்ளே சென்சார் இருக்கிறது அண்ணா” என்று நீங்களே சொல்லுங்கள். நான்கு சக்கரத்திலும் வால்வின் அருகே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. கூட்டம் அதிகமுள்ள நாளில் சொன்ன சொல் மறந்துபோகும். கோடு கண்ணில் படும்.

வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே பீட்டை உடைக்க வேண்டும். பீட் பிரேக்கரின் தகடு வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இறங்க வேண்டும். வால்வுப் பக்கம் இறங்கினால் தகடு பக்கச்சுவரை உள்ளே தள்ளும். அது நேராகச் சென்சார் மீது போய் அழுந்தும். உடைந்த சென்சார்களில் பெரும்பங்கு போவது இந்த ஒரு அழுத்தத்தில்தான். மறுபக்க பீட்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

லீவரை நுழைக்கும் இடத்தில் சென்சார் இல்லையென்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேல் பீட் வெளியே வந்ததும் சென்சாரைக் கழற்றி எடுத்துவிட்டால், கீழ் பீட்டை வெளியேற்றும்போது கவலையில்லை.

8. புதிய ரிம்மில் சென்சாரைப் பொருத்துதல்

வால்வுத் துளையைத் துணியால் துடைத்து, வார்ப்புத் தூசியும் பாலிஷும் போன பிறகு வால்வை நுழையுங்கள். சென்சார் உடல் பள்ளத்தின் சரிவைத் தொட்டும் தொடாமலும் படிந்திருக்கும்படி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் சுழன்றால் அதன் கோணம் கெட்டுவிடும்.

இறுக்கம் எவ்வளவு என்பது சென்சார் தயாரிப்பாளரைப் பொறுத்தது. பல சென்சார்களில் 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுத்துப் பழகிய கைக்கு இது மிக மிகக் குறைவு. நியூமேட்டிக் கன்னை இங்கே கிட்டவே விடாதீர்கள். அலுமினிய வால்வில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, மூன்று மாதம் கழித்துத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போகும்போது முறிந்தால் விளைவு என்னவாகும் என்பதை இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிட்டில் உள்ள தாளில் இறுக்க அளவு அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளைக் கடைக்காரர் கையில் கொடுங்கள்.

ரப்பர் வால்வு வகையில் சென்சார், வால்வின் அடியில் சிறு டார்க்ஸ் திருகால் இணைந்திருக்கும். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு இழுக்கும் கருவியால் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து, மறுபக்கம் கசியும்.

9. டயர் ஏற்றுதலும் பேலன்சிங்கும்

டயர் மாற்றும் இயந்திரத்தின் தலை 12 மணி நிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மேடை வலமாகச் சுழலும் இயந்திரத்தில் சென்சார் 5 மணி நிலையில் இருந்து தொடங்க வேண்டும். பீட்டின் கடைசிப் பகுதி மிக இறுக்கமாக இழுபட்டுத் தாண்டும் இடத்தில் சென்சார் இல்லாமல் இருப்பதே இதன் நோக்கம். கீழ் பீட், மேல் பீட் இரண்டுக்கும் திரும்ப அதே நிலைக்குக் கொண்டுவந்து தொடங்க வேண்டும்.

டயர் பேஸ்ட்டை பீட்டில் மட்டும் தடவச் சொல்லுங்கள். சென்சாரில் அழுத்தத்தை உணரும் சிறு துளை ஒன்று இருக்கிறது. பேஸ்ட் அதற்குள் போய் உறைந்தால் அளவு தவறாகக் காட்டும். பீட் உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்ற வேண்டாம். உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, பேஸ்ட் தடவி, மீண்டும் முயல வேண்டும்.

காற்று ஏறியதும் வால்வின் அடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி ஒரு நிமிடம் பார்த்திருங்கள். குமிழி வந்தால் நட்டை மேலும் இறுக்கிச் சமாளிக்க வேண்டாம். டயரை இறக்கி வாஷரைப் பாருங்கள்; பெரும்பாலும் அது மடிந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு சென்சார் வால்வோடு சேர்த்து ஏறக்குறைய 25 முதல் 40 கிராம் வரை எடை இருக்கும். எனவே பேலன்சிங்கைத் தவிர்க்க முடியாது. அலாயில் ஒட்டும் எடையே போட வேண்டும்.

10. காரில் மாட்டிக் காற்று நிரப்புதல்

ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரே உங்கள் அளவுகோல். அதில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயர் என்று பொருள்.

நம் பக்கத்தில் இது ஏன் முக்கியம் என்றால், டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். மே மாத மதியத்தில் சேலத்திலிருந்து கணவாய் ஏறி வந்த சூட்டோடு தருமபுரியில் 33 என்று காற்றை வைத்துவிட்டு, இரவு ஓசூரில் நிறுத்தினால், டயருக்குள் 60 டிகிரியில் இருந்த காற்று விடியற்காலையில் 22 டிகிரிக்கு வந்திருக்கும். கணக்குப்படி ஐந்து பிஎஸ்ஐக்கு மேல் இறங்கி, 27, 28 வாக்கில் நிற்கும். ஓசூர் தருமபுரியைவிட சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, மானியில் அரை பிஎஸ்ஐ கூடுதலாகத் தெரியும். வெப்பத்தால் ஆன குறைவை அது ஈடுகட்டாது. விளக்கு எரியும் எல்லைக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தூரத்தில் கார் நிற்கிறது. இரண்டு வாரத்தில் இயல்பாகக் குறையும் காற்றும் சேர்ந்தால் விளக்கு எரியும். புதிய சென்சார் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது காலையில் நிரப்பிய காற்று மட்டுமே.

இதன் மறுபக்கமும் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும்போது திரையில் 37, 38 என்று காட்டுவதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். அது சூட்டினால் ஏறிய அளவு, ஆறினால் இறங்கிவிடும்.

சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஹூண்டாய், கியா கார்களில் 107 முதல் 127 நியூட்டன் மீட்டர். புதிய அலாய் என்பதால் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

11. காருக்குச் சென்சாரைக் கற்பித்தல்

பழைய சென்சாரை அதே காரில் அதே இடத்தில் போட்டிருந்தால், அல்லது எண்ணை நகலெடுத்திருந்தால், இந்தப் படியில் வேலை இல்லை. புதிய எண் கொண்ட சென்சார் என்றால் காரைப் பொறுத்து மூன்று முறைகள் உள்ளன. சில கார்கள் ஓட்டும்போது தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் கற்பிக்கும் நிலையை மெனுவில் தொடங்கி, ஒவ்வொரு டயரின் அருகிலும் கருவியைக் காட்ட வேண்டும். சிலவற்றில் ஓபிடி வழியாக எண்ணைப் பதிய வேண்டும். உங்கள் காருக்கு எது என்பதைக் கையேட்டிலோ கருவியின் திரையிலோ பார்த்த பின்பே தொடங்குங்கள்.

எந்த முறையானாலும், கழற்றிய பழைய சக்கரங்களில் சென்சார் இருந்தால் அவற்றைக் காரிலிருந்து தள்ளி வையுங்கள். பழைய செட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் வழியிலேயே கார் தானே கற்றுக்கொள்ளட்டும் என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கியில் உருளும் சென்சாரும் அனுப்பிக்கொண்டேதான் வரும். கார் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு, புதியதைக் கண்டுகொள்ளாது. பழைய செட்டை வேறு வண்டியில் அனுப்புங்கள், அல்லது மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தானே கற்கும் கார் என்றால், சக்கரம் மாட்டிய பின் சுமார் 20 நிமிடம் அசையாமல் நிறுத்தி வைத்துவிட்டு, நிற்காமல் சீராக ஓட்ட வேண்டும். நிறுத்துவதற்குக் காரணம், கார் நின்றிருந்த இடைவெளிக்குப் பிறகே பல கணினிகள் புதிய எண்ணைத் தேடத் தொடங்குகின்றன. தருமபுரி நான்கு ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டினால் கற்றல் அறுபட்டுக்கொண்டே இருக்கும். நகரை விட்டு வெளியேறி, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காரிமங்கலம் வரை 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பினால் பெரும்பாலான கார்களுக்குத் தாராளம்.

கடை வாசலில் ஸ்டார்ட் செய்தவுடன் திரை அழுத்தத்தைக் காட்டவில்லை என்று யாரும் பதற வேண்டாம். பேட்டரியைச் சேமிப்பதற்காக, நின்ற நிலையில் சென்சார் அரிதாகவே அனுப்பும். உள்ளே இருக்கும் இயக்க உணரி சக்கரம் சுழல்வதை அறிந்த பிறகே அடிக்கடி அனுப்பத் தொடங்கும்.

12. விளக்கு சொல்வதைப் படியுங்கள்

சாவி போட்டதும் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு சென்சாரைக் கார் கேட்கவில்லை. மினுக்காமல் நேராக எரிந்தால் காற்று குறைவு. பல கார்களில் இப்படித்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மினுக்கும் விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறோம்.

மினுக்கினால், கருவியால் நான்கு சக்கரத்தையும் படியுங்கள். எதுவும் பேசாத சென்சார் ஏறும்போது உடைந்தது அல்லது பேட்டரி தீர்ந்தது. நான்கும் பேசுகின்றன, ஆனால் கார் ஏற்கவில்லை என்றால், படத்தில் உள்ள எண்களைக் காரில் பதிந்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

திரையில் அழுத்த அளவுகள் வருகின்றன, ஆனால் முன்பக்கக் காற்றை இறக்கினால் பின்பக்க அளவு குறைகிறது என்றால் சக்கரம் இடம் மாறியிருக்கிறது. சில கார்களில் டயர் ரொட்டேஷன் (சக்கரங்களை முன்னும் பின்னும் இடம் மாற்றுவது) செய்த பிறகும் இது நேரும். திரும்பக் கற்பிக்க வேண்டும்.

13. சென்சார் இல்லாத காருக்கு

புதிய ரிம் மாற்றும் சாக்கில் சென்சார் வசதியைச் சேர்க்க நினைப்பவர்கள், தனித் திரையுடன் வரும் செட்டை வாங்கலாம். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகையைவிட, ரிம்முக்குள் மாட்டும் வகையையே நான் பரிந்துரைக்கிறேன். வெளி வகை எளிதில் திருடு போகும். அதைவிட, ரப்பர் வால்வின் நுனியில் கூடும் எடை வேகத்தில் வால்வை வெளிப்பக்கம் இழுத்து அதன் அடியைச் சோதிக்கும். வெளி வகைதான் வேண்டும் என்றால் உலோக வால்வு போட்ட பிறகு மாட்டுங்கள். ரிம் மாறும் நாளில் டயர் எப்படியும் கழன்றிருக்கும் என்பதால் உள் வகைக்கு அதுவே உகந்த நேரம்.

14. ஸ்டெப்னியும் பஞ்சரும்

பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னியில் சென்சார் இருக்காது. அதை மாட்டியிருக்கும்வரை விளக்கு மினுக்குவது இயல்பு. ஸ்டெப்னியே இல்லாத கார்களுக்கு நிலைமை வேறு. காற்றழுத்தக் கண்காணிப்பும் ட்யூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அப்படி வந்த காரில் சென்சாரை விட்டுவிட்டு அலாய் மட்டும் போட்டால், ஸ்டெப்னிக்கு ஈடாக இருந்த பாதுகாப்பையே கழற்றிவிட்டதாகும்.

கிட்டில் உள்ள பஞ்சர் திரவத்தை ஊற்றினால், சாலையோரத்திலிருந்து கிளம்ப அது உதவும். ஆனால் சென்சாரின் துளையை அடைக்கக்கூடும். ஊர் வந்ததும் டயரைக் கழற்றி, ஈரத்துணியால் ரிம்மையும் சென்சாரையும் துடைத்துவிட்டு, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (தண்டு ஓட்டையை அடைக்க, தலை உட்புறம் ஒட்டிக்கொள்ளும் காளான் வடிவ ஒட்டு) போடுங்கள். கூரான பொருளால் துளையைக் குத்தக் கூடாது.

வெளியிலிருந்து ஸ்டிரிப் போடும் பஞ்சருக்குச் சென்சாரால் தடையில்லை. டயரைக் கழற்ற வேண்டிய பஞ்சர் என்றால், பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ நீங்கள் முதல்முறை போகும் கடையாக இருந்தாலும், பீட் பிரேக்கரை எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்வது உங்கள் வேலை. சென்சார் எண்களின் படத்தை அச்செடுத்து, நட்டின் இறுக்க அளவையும் அதிலேயே எழுதி, டாஷ்போர்டு பெட்டியில் ஆர்சி நகலோடு வைத்துவிடுங்கள். காரை வேறு யாராவது ஓட்டிச் சென்ற நாளில் பஞ்சரானாலும் கடைக்காரருக்கு அது கிடைக்கும்.